காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுக்கும் கதாநாயகன்

கேள்வி: "அம்மாவுக்கு 62 வயது. ஓய்வு பெற்ற பிறகு பொழுதெல்லாம் ஃபோனில் காதல் நாவல்தான். எல்லாம் ஒரே கதை. யார் யாரோடு சேர்வார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?"

முடிவு தெரியும் என்பதால்தான் அம்மா அதை எடுக்கிறார். அமெரிக்காவில் காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் உண்டு. ஒரு கதையைக் காதல் நாவல் என்று சொல்ல அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனைகள் இரண்டே. கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும். முடிவு மனசுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். நாயகி கைவிடப்படப் போவதில்லை என்ற உறுதி கையில் இருந்தால்தான் நடுவில் வரும் அவமானம், சந்தேகம், பிரிவு எல்லாவற்றையும் பயமில்லாமல் படிக்க முடியும். எப்படியும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தபின் வாசகியின் கவனம் வேறு இடத்துக்குப் போகிறது. அவளைத் தவறாக நினைத்தவன் எந்த இடத்தில் உணர்கிறான், என்ன சொல்லி மன்னிப்புக் கேட்கிறான், அவள் உடனே இறங்கிவருகிறாளா, கொஞ்சம் காக்கவைக்கிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே நிற்பவருக்கு எல்லாம் ஒரே கதையாகத் தெரியும். படிக்கிறவருக்கு ஒரு மன்னிப்பு இன்னொரு மன்னிப்பு மாதிரி இருக்காது.

இந்த வாசகிகளை நான் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா கும்பகோணத்தில் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் நடத்தினார். எண்பதுகளின் கடைசி. முழுப்பரீட்சை லீவுக்குப் போனால் நோட்டில் பேர் எழுதி, தேதி போட்டு, புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. மாத நாவல்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தடித்த புத்தகங்கள். கதைக்கு நடுவே பற்பசை விளம்பரமும் பாதி ஜோக்கும் வரும். கடைசி வாரத்துப் பக்கம் யார் கையிலோ கிழிந்துபோயிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் சண்டைக்கே வருவார்கள்.

அங்கே வந்தவர்களில் பள்ளி ஆசிரியைகள், தையல்கார அக்கா, வங்கியில் வேலை பார்த்தவர், புதிதாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண்கள், அவர்களுடைய மாமியார்கள் எல்லோரும் உண்டு. ஏற்கெனவே படித்ததா என்று அட்டையைப் பார்த்துச் சொல்வது கஷ்டம் என்பதால் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பக்கத்தின் ஓரத்தில் தனக்கென்று ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்குச் சின்ன நட்சத்திரம். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். சிலர் தன் அடையாளத்தைப் பார்த்த பிறகும் சந்தோஷமாக அதையே எடுத்துப் போவார்கள்.

அவர்கள் நாவலைப் பேர் சொல்லிக் கேட்பது குறைவு. "அக்கா, அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடப்பா, அவன் ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்திருப்பானே, அது இருக்கா?" என்பார்கள். பெரியம்மா யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார். அப்படி ஒரு காட்சி எத்தனையோ நாவல்களில் உண்டு. நாயகன் தொழிலதிபராக இருப்பான், கோபக்காரனாக இருப்பான், அதுவரை ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்க மாட்டான். அவளுக்குக் காய்ச்சல் என்றதும் அலுவலகம் போகாமல் இருந்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, தானே கஞ்சி வைத்துக் கொண்டுவந்து ஊட்டுவான். முத்தம் கொடுக்கும் காட்சியை யாரும் இப்படி நினைவு வைத்துக் கேட்டதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் காட்சிதான். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஞ்சி வைப்பது அம்மா. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலும் எழுந்துபோய்க் கஞ்சி வைத்துக்கொள்வது அம்மாதான். எல்லோரையும் கவனித்துக்கொள்கிற ஒருத்தியை ஒருவன் கவனிக்கிறான், அவள் சொல்லாமலேயே அவள் முகம் வாடியிருப்பதைப் பார்க்கிறான் என்பதுதான் இந்தக் கதைகளின் உயிர். அழகும் பணமும் காரும் பங்களாவும் மேலே பூசிய வண்ணம். அவ்வளவு பெரிய ஆள், ஆயிரம் வேலை உள்ளவன், அவளுக்காக எல்லாவற்றையும் நிறுத்திவைத்தான் என்று காட்டத்தான் அவனுக்கு அத்தனை பணமும் வேலையும் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

ஜேனிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே முறையாக ஆராய்ந்து 1984-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு ஊரில், புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பரிந்துரையை நம்பிக் காதல் நாவல் வாங்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசினார். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்களில் கதையை விடவும் வாசிப்பு என்ற செயலே முன்னால் நின்றது. புத்தகம் கையில் இருக்கும் நேரம் கணவருக்கோ பிள்ளைகளுக்கோ உரியதில்லை, அது தங்களுக்கே உரிய நேரம் என்றார்கள். நாயகனிடம் அவர்கள் தேடியது கனிவு. கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்து முடிவு சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். நாயகன் கொடூரமாக நடக்கிற கதைகளைக் கோபத்தோடு ஒதுக்கினார்கள். கும்பகோணத்து முன்னறையில் நான் பார்த்த முகங்களுக்கும் இவர்களுக்கும் பெரிய தூரமில்லை.

ஆனால் தமிழில் ஒரு தனிக் குணம் உண்டு. மேற்கே பெரும்பாலும் கல்யாணத்தில் கதை முடியும். இங்கே நிறைய நாவல்கள் கல்யாணத்தில்தான் ஆரம்பிக்கின்றன. மாப்பிள்ளை மாறிப்போகும், அல்லது தாத்தாவின் கடைசி ஆசைக்காகத் தாலி கட்டுவான், அல்லது கடனுக்காக, கோபத்துக்காக. கட்டாயக் கல்யாணம், கல்யாணத்துக்கு அப்புறம் காதல். இது சலித்துப்போன அமைப்பு என்று சொல்கிறவர்கள், படிக்கிறவர் யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு ஒரு தடவை முகத்தைப் பார்த்து, அடுத்து மணவறையில் பார்த்த தலைமுறை அது. முன்பின் தெரியாத ஒருவரோடு, முன்பின் தெரியாத ஒரு வீட்டில், எப்படி வாழத் தொடங்குவது என்பது அவர்கள் எல்லோருக்கும் நிஜமாகவே நடந்த விஷயம். அதை யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசியதில்லை. "எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைத்தார்கள். போகப் போக எப்படிச் சரியாகும் என்பதை முந்நூறு பக்கத்துக்கு விரித்துச் சொன்னவை இந்த நாவல்கள்தான்.

நாவலாசிரியை ரமணிசந்திரனை இத்தனை பேர் இத்தனை காலமாகப் படிப்பதற்கு நான் சொல்லும் காரணமும் இதுவே. நூற்றைம்பதுக்கும் மேல் நாவல்கள். அவருடைய நாயகிக்குப் பெரும்பாலும் பணம் இருக்காது, ஆதரவும் இருக்காது; தன்மானம் மட்டும் நிறைய இருக்கும். பணத்துக்காக வந்தவள் என்று அவன் நினைப்பான். அவள் கெஞ்சி விளக்கம் சொல்ல மாட்டாள், தன் வேலையைப் பார்ப்பாள். கடைசியில் விளக்கம் சொல்ல வேண்டியவன் அவனாகிவிடுவான். வீட்டில் வாய் திறந்து ஒரு நியாயம் கேட்க முடியாதவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இது நேற்று தொடங்கியதுமில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். சரளமாக எழுதப் பழகாத காலத்தில் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். 1925-ல் ஜகன்மோகினி இதழைத் தன் பொறுப்பில் எடுத்து அதில் தன் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். நூற்றுக்கும் மேல் எழுதினார். லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி, பத்திரிகையில் கதை எழுதிய பணத்தைக் கொண்டு மருத்துவம் படித்தவர். 1984-ல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார். இவர்கள் எழுதியதெல்லாம் காதல் நாவல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பெண் தன்னைப் பற்றிய கதையைக் காத்திருந்து படிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

இங்கிலாந்தில் காதல் நாவலுக்குப் பேர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் வளர்ந்த கதையும் கிட்டத்தட்ட நம் வாடகை நூலகத்தின் கதைதான். 1908-ல் எல்லா வகைப் புத்தகமும் போடும் பதிப்பகமாகத்தான் தொடங்கினார்கள். 1930-களில் இரண்டு பென்னி வாடகைக்குப் புத்தகம் தரும் கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு வந்தன. பெண்கள் அங்கே திரும்பத் திரும்பக் கேட்டது காதல் நாவல்; நிறுவனமும் அதிலேயே நிலைத்துவிட்டது. விமர்சகர் யாரும் தூக்கிவிடவில்லை. வாசகிகள் கேட்டுக் கேட்டு வளர்த்த இலக்கியம் அது, அங்கேயும் இங்கேயும்.

இந்த நாவல்களில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இப்போது "ஆன்ட்டி ஹீரோ கதை" என்று தனியாகவே ஒரு வகை ஓடுகிறது. பழிவாங்கத் தாலி கட்டுகிறான், அடைத்துவைக்கிறான், கை நீட்டுகிறான், சிலவற்றில் அதற்கும் மேலே போகிறான். கடைசி மூன்று அத்தியாயங்களில் அழுது மன்னிப்புக் கேட்டால் குழந்தையோடு சுபம். வன்முறையைக் காதலின் முதல் படியாகக் காட்டும் கதையை நான் பாதியில் மூடிவிடுவேன். அடித்தவன் திருந்துவான் என்று காத்திருந்த நிஜப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் வாசகிகள் இதை வாய் பிளந்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதைகளின் கீழே போய்ப் பாருங்கள். "இவ்வளவு சீக்கிரம் மன்னிக்க விடாதீங்க ரைட்டர்", "அவன் இன்னும் நல்லா கெஞ்சணும்" என்று சண்டை போட்டிருப்பார்கள். எழுதியவரே அதைப் பார்த்து அடுத்த அத்தியாயத்தை மாற்றுவதும் உண்டு.

இன்னொன்று, சாதி. ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவே உள்ள வேலியை இவ்வளவு சுலபமாகத் தாண்டும் நாவல்கள் சாதி வேலியின் பக்கமே போவதில்லை. பெரும்பாலும் பேச்சே வராது. காதலித்ததற்காக ஆட்கள் வெட்டப்படும் ஊரில் இருந்துகொண்டு காதல் நாவல் எழுதுகிறோம் என்ற உணர்வு இன்னும் நிறைய எழுத்தாளர்களுக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

வாடகை நூலகங்கள் அநேகமாகப் போய்விட்டன. பெரியம்மாவுடையதும் மூடியாகிவிட்டது. அந்த வாசகிகள் ஃபோனுக்கு வந்துவிட்டார்கள், நிறைய பேர் எழுதவும் வந்துவிட்டார்கள். 2016 கடைசியில் அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் தமிழில் நேரடியாகப் புத்தகம் வெளியிடும் வசதி வந்தது. மாதச் சந்தாவில் படிப்பவர்கள் புரட்டும் பக்கங்களைக் கணக்கிட்டு எழுத்தாளருக்குப் பணம் வரும். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு ஒரு அத்தியாயம் எழுதிப் போடும் இல்லத்தரசிக்கு முதல்முறையாகத் தன் பேரில் ஒரு வருமானம். கதைகள் தேவைக்கு மேல் நீளமாவதும் அதே கணக்கால்தான்; கத்தரித்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குப் பலமுறை தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் சேலத்திலும் ஒரே நேரத்தில் "அடுத்த யூடி எப்போ?" (யூடி என்றால் அப்டேட், அடுத்த அத்தியாயம்) என்று கேட்கும் வாசகிகள் ஒரு எழுத்தாளருக்குக் கிடைப்பது தமிழில் வேறு எந்த வகை எழுத்துக்கு நடக்கிறது?

அம்மாவிடம் எது பிடித்த நாவல் என்று கேட்காதீர்கள், எந்தக் காட்சியைத் திரும்பப் போய்ப் படிப்பார் என்று கேளுங்கள். கொஞ்சம் வெட்கப்படுவார், அப்புறம் சொல்வார். கிண்டல் செய்யாமல் கேட்க வேண்டும். ஃபோனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள். முடிந்தால் கண்ணுக்கு உறுத்தாத கிண்டில் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். புதுத் தொடர் ஏதாவது தொடங்கும்போது "முடிவுற்றது" என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இணையத்தில் பாதியில் நின்றுபோன கதைகள் ஏராளம், சேர்ந்தார்களா இல்லையா என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது.