தாழ்ச்சியும் ஏழரை மணி பஸ்ஸும்

அன்புள்ள ஐயா,

நான் பாறசாலைக்காரன். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. போன வருஷம் தவக்காலத் தியானத்தில் புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கைப் பற்றிக் கேட்டேன். அதன் ஏழாம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்கு 12 படிகள் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பயிற்சி செய்கிறேன். தினமும் ஒரு எக்செல் தாளில் குறித்தும் வைக்கிறேன். இப்போது நான்காம் படியில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன், அநியாயம் நடந்தாலும் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொள்ளும் படி. சமீபத்தில் நானும் எனக்குக் கீழே வேலை செய்யும் ஒரு பெண்ணும் எட்டு மாதம் உழைத்து முடித்த வேலையை எங்கள் மேலாளர் தன்னுடையது என்று மேலிடத்தில் காட்டிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. மனதில் பெரிய அமைதி. ஆனால் அந்த அமைதியை நினைத்தே இப்போது பெருமை வருகிறது. இதை எப்படித் தாண்டுவது? ஐந்தாம் படிக்கு எப்படிப் போவது? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் வைப்பது தற்பெருமையா? நோன்பு நாளில் யாராவது டீ வாங்கித் தந்தால் நோன்பு என்று சொல்லலாமா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

டீயைக் குடித்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் வசனம் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, அதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

எக்செல் தாளை அழித்துவிடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். இந்தப் பக்க வீடுகளில் பால் கணக்கு எழுதுவார்கள், சீட்டுக் கணக்கு எழுதுவார்கள், ரப்பர் ஷீட் கணக்கு எழுதுவார்கள், தாழ்ச்சிக்குக் கணக்கு எழுதிய முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நான்காம் படிவரை வந்துவிட்டேன் என்று எழுதும்போது கை கூசவில்லையா? பெருமை எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்தத் தாளில் மொத்தம் போட்டுப் பார்க்கும் கடைசிக் கட்டத்திலிருந்துதான் வருகிறது தம்பி.

சரி, திட்டியாயிற்று. உங்கள் கடிதத்தை நான் எடுத்ததற்குக் காரணம் வேறு. சில வாரங்களாகவே எனக்கு ஒரு கஞ்சிக் கலயம் ஞாபகம் வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு அப்போது 24 வயது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு தியான இல்லத்தில் மூன்று நாள் தியானம், அறுபது பேர் இருந்திருப்போம். முதல் நாள் சாமியார் லூக்கா 14ஐ எடுத்துப் பேசினார். விருந்துக்கு அழைக்கப்பட்டால் முதன்மையான இடத்தில் உட்காராதே, கடைசி இடத்தில் போய் உட்கார் என்று இயேசு சொல்லும் பகுதி. எனக்கு அது சுருக்கென்று பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கஞ்சிக்கு வரிசை நின்றபோது நான் கடைசியில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார், நீங்க முன்னால போங்க என்றேன். அவரும் காலையில் அதே பிரசங்கம் கேட்டவர்தானே, இல்லை நீங்க போங்க என்றார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவர் என் முதுகில் கைவைத்துத் தள்ளவே செய்தார்.

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அகப்பையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், விடியற்காலை நாலு மணிக்கு வந்து அடுப்பு மூட்டியவர். "லேய் மக்களே," என்றார், "ரெண்டுபேரும் வேகம் குடிச்சிட்டு போங்கலே. நீங்க குடிச்சாத்தானே நான் சருவம் கழுவ முடியும். ஏழரை பஸ்ஸு போனா எனக்கு களியக்காவிளைக்கு வேற வண்டி கிடையாது."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை காது சுடுகிறது. சிறுபயறும் காந்தாரிச் சம்மந்தியும் வைத்துத் தந்தார், நான் நின்றபடியே விழுங்கினேன். கடைசி இடத்தில் நான் நிற்பதற்கான செலவு முழுக்க அந்த அம்மா தலையில் விழுகிறது என்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. பாத்திரம் கழுவ உதவினேன் என்று எழுதத்தான் ஆசை. உதவவில்லை, இரவுத் தியானத்துக்கு மணியடித்துவிட்டது, ஓடினேன். அவருக்கு பஸ் கிடைத்ததா என்றும் கேட்கவில்லை.

நீங்கள் பெனடிக்ட் என்று எழுதியவரை எங்கள் வீட்டில் ஆசீர்வாதப்பர் என்றுதான் சொல்வோம். 6ஆம் நூற்றாண்டில் மோந்தே கசினோ மடத்தை நிறுவி ஒழுங்கு எழுதியவர். எல்லோரும் ஏழாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள், யாக்கோபின் ஏணி, 12 படி, குனிந்த தலை, கேட்க அழகாக இருக்கிறது. கொஞ்சம் தள்ளி 35ஆம் அதிகாரத்துக்குப் போங்கள், அது சமையலறையைப் பற்றியது. சகோதரர்கள் வாரம் ஒருவராக முறைவைத்து அடுக்களையில் பணி செய்யவேண்டும். முறை முடிப்பவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மற்றவர்கள் கைகால் துடைத்த துண்டுகளையும் துவைக்கவேண்டும். முறை முடிப்பவரும் அடுத்து ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவவேண்டும். பாத்திரங்களைக் கழுவி, உடைசல் இல்லாமல் பண்டசாலைக்காரரிடம் திருப்பி ஒப்படைக்கவேண்டும். அப்புறம் ஒன்று சொல்கிறார் பாருங்கள், அதைப் படித்த அன்றைக்கு அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது: பரிமாறுகிறவர்களுக்கு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வழக்கமான பங்குக்கு மேலாகக் கொஞ்சம் ரொட்டியும் ஒரு குவளை பானமும் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் முணுமுணுப்பும் கஷ்டமும் இல்லாமல் பணி செய்யட்டும் என்று. மற்றவர்களின் தாழ்ச்சிக்காகப் பரிமாறுகிறவன் வயிறு காயக்கூடாது என்பதை ஒழுங்காகவே எழுதிவைத்த ஆள் அவர். எங்கள் தியான இல்லத்தில் அறுபது பேருக்கும் ஊற்றி முடிக்கும்வரை அந்த அம்மா ஒரு வாய் குடித்து நான் பார்க்கவில்லை.

எங்கள் வீடு பாதி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம், பாதி எல்.எம்.எஸ்., அதாவது லண்டன் மிஷன் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபை. அப்பா பக்கம் தாழ்ச்சி என்பார்கள், அம்மா பக்கம் தாழ்மை என்பார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி எல்.எம்.எஸ்., அவருக்கு அந்தச் சொல்லே ஆகாது. கன்வென்ஷனில் வெளியூர்ப் பிரசங்கியார் யாராவது பெண்கள் பக்கம் திரும்பி, சகோதரிகளே தாழ்மையைத் தரித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தால் பாட்டி பாயைச் சுருட்ட ஆரம்பிப்பார். எனக்கு அந்த வயதில் வெட்கமாக இருக்கும். பாட்டியின் பாட்டி காலத்தில் இந்த மண் திருவிதாங்கூர். நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்று அரசு அறிவித்தது 1859இல், அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்த அறிவிப்பு வருவதற்குள் அடி வாங்கியவர்கள் உண்டு, சந்தையில் துணி கிழிக்கப்பட்டவர்கள் உண்டு, எரிந்த கிறிஸ்தவக் கோயில்களும் உண்டு. அதற்கு முந்தைய தலைமுறைகள் விலகி நின்று, குனிந்து நின்று, மார்பை மூட உரிமையில்லாமல் நின்றதையெல்லாம் யாரும் தாழ்மை என்று சொல்லவில்லை, முறை என்றார்கள். அப்படி நிற்கவைக்கப்பட்டவரின் பேத்தியிடம் போய் இன்னும் கொஞ்சம் குனி என்றால் பாயைச் சுருட்டாமல் என்ன செய்வார்? இத்தனைக்கும் அந்தக் கிழவி அக்கம்பக்கத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் பழந்துணி துவைக்கப் போவார். அதை அவர் தாழ்மை என்று சொல்லி நான் கேட்டதில்லை, வேலை கிடக்கு என்பார்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் ஒரு பெண் வந்து போகிறார், கவனித்தீர்களா? எனக்குக் கீழே வேலை செய்யும் ஒரு பெண். அவரும் எட்டு மாதம் உழைத்திருக்கிறார். மேலாளர் எடுத்துக்கொண்டது உங்கள் பெயரை மட்டுமல்ல. நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள், அமைதி கிடைத்தது, தாளில் ஒரு கட்டம் நிரம்பியது. அவருக்கு என்ன கிடைத்தது? அவருக்காகப் பேசவேண்டிய இடத்தில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அவருடையதைத் தானம் பண்ண உங்களை யார் கேட்டார்கள்? அந்த வருஷம் அவருடைய சம்பள உயர்வு இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறதோ என்னவோ, நீங்கள் அதை விசாரித்ததாகக்கூட எழுதவில்லை. வரிசையின் கடைசியில் நீங்கள் நிற்கிறீர்கள் ஜெ., அகப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார்.

அமைதி, அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். மேலாளரிடம் பேசினால் வரக்கூடிய சங்கடம் வராமல் போனதே, அந்த நிம்மதியாக இருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் மாயமான தாழ்மை என்று ஒன்றைச் சொல்வார், ஞானம் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரிவது. தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்றார் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரசா. அந்த வேலையைச் செய்தது யார் என்பதும் உண்மைதானே, அதைச் சொல்வதில் என்ன கர்வம் வந்துவிடப்போகிறது?

கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் வயதில் நான் இதைவிட மோசம், நீங்களாவது பெருமை வருகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கேட்கிறீர்கள். எனக்கு அது தெரிய ஏழரை மணி பஸ் தேவைப்பட்டது.

ஐந்தாம் படி என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மனதில் எழும் கெட்ட எண்ணங்களையும் மறைவில் செய்த தவறுகளையும் ஒளிக்காமல் மடத்துத் தலைவரிடம் சொல்வதுதான் அது. உங்களுக்கு மடமும் இல்லை, தலைவரும் இல்லை. திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் மேசைக்குப் போய், பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர் சரி சொன்னால், யார் எதைச் செய்தார்கள் என்று மேலாளருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்புங்கள். அதில் அவருடைய பெயரை முதலில் போடுங்கள்.