வாரத்துக்கு விடாத பாட்டு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதி நானே மெட்டும் போடுகிறேன். போன மாதம் ஒரு நண்பன் அமெரிக்க கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனின் 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' பாட்டைக் கேட்கச் சொன்னான். அம்மா கந்தல் துணிகளைச் சேர்த்துத் தைத்த கோட்டு பற்றிய பாட்டு அது என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். வேஸ்ட் துண்டுகளைக் கொண்டுவந்து எனக்குத் தலையணை உறை தைத்துத் தந்தவர்.

அப்புறம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். புகழ்பெற்ற ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியே அவருடைய ஒரு பாட்டைத் தான் பாடக் கேட்டும், உரிமையில் பாதி தர முடியாது என்று டாலி மறுத்துவிட்டாராம். இவ்வளவு உருக்கமாக எழுதுகிறவர் இவ்வளவு கறாராக இருக்க முடியுமா? கணக்குப் பார்த்தால் பாட்டு வற்றிவிடாதா? ஒரு யூடியூப் சேனல்காரர்கள் என் பாட்டுக்கு 15,000 ரூபாய் தருகிறோம், எல்லா உரிமையையும் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். நண்பர்கள் 'முதல்ல பேர் வரட்டும்' என்கிறார்கள். பாட்டை இணைத்திருக்கிறேன்.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

டாலி பார்ட்டனின் உருக்கமும் கறாரும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்பது என் எண்ணம். அந்த வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1946 ஜனவரி 19-ல் டென்னசி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், செவியர் கவுண்டியில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல் அப்பா ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார். அப்பா ராபர்ட் லீ பார்ட்டனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதலில் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர், பின்னால்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலத்தில் புகையிலை போட்டார். வாரம் என்றால் என்ன என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. வெயில் நமக்கு, விளைச்சலில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு.

நீங்கள் கேட்ட பாட்டு 1969-ல் ஓடும் பேருந்தில் எழுதப்பட்டது. போர்ட்டர் வேகனர் என்ற பெரிய பாடகரின் குழுவில் அப்போது அவர் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு வந்த நேரத்தில் கையில் தாள் இல்லை. வேகனருடைய மேடை உடைகளைச் சலவைக்குப் போட்ட ரசீது கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினார். 1971-ல் பாட்டு வெளிவந்து பெயர் வாங்கியதும் வேகனர் அந்த ரசீதைச் சட்டம் போட்டு வைத்தார்.

அந்தப் பாட்டில் அம்மா பெரிய வார்த்தை எதுவும் பேசுவதில்லை. யாரோ கொடுத்த ஒரு பெட்டிக் கந்தல், அதைத் துண்டு துண்டாக இணைக்கும் ஊசி, தைத்துக்கொண்டே சொல்லும் பைபிள் யோசேப்பின் பலவண்ண அங்கியின் கதை. பிள்ளை அதைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவே இல்லை. நீங்கள் அழுத இடம் அதுவாகத்தான் இருக்கும். ஏழ்மையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த இடம் வராது, கோட்டைப் பற்றி எழுதினால்தான் வரும்.

அவர் எழுதும் விதமே இதுதான். 1973-ல் வந்த 'ஜோலீன்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கல்யாணமான புதிதில் பேங்கில் வேலை பார்த்த ஒரு பெண் அவருடைய கணவரிடம் கொஞ்சம் அதிகமாகவே பிரியம் காட்டினாள். வேறொரு நாள், நிகழ்ச்சி முடிந்து கையெழுத்து வாங்க வந்த கூட்டத்தில் செம்பட்டை முடியும் பச்சைக் கண்ணுமாக ஒரு சிறுமி நின்றாள். பெயர் கேட்டால் ஜோலீன் என்றாள். மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாராம். அந்தச் சொல்லிப்பார்த்தல்தான் பல்லவியாக அப்படியே நிற்கிறது. அந்தக் காலத்து கன்ட்ரி பாட்டுகளில், புருஷனை நெருங்கும் பெண்ணை மனைவி மிரட்டுவாள். லொரெட்டா லின் 1968-ல் பாடிய 'ஃபிஸ்ட் சிட்டி' அப்படிப்பட்ட பாட்டு, அதுவும் அருமையான பாட்டு. டாலியின் பாட்டில் வரும் மனைவியோ எதிராளியின் முடியையும் நிறத்தையும் கண்ணையும் புகழ்ந்துவிட்டுக் கெஞ்சுகிறாள். தன்னால் போட்டி போட முடியாது என்று வாய்விட்டுச் சொல்கிறாள். ஐம்பது வருஷம் கழித்தும் அந்தக் கெஞ்சலைக் கேட்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

சரி, எல்விஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

வேகனருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டாலி 1967-ல் சேர்ந்தார். ஐந்து வருஷம் இருக்கிறேன் என்றுதான் பேச்சு, ஆறு தாண்டி ஏழு ஆனது. தனியாகப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார், வாக்குவாதம்தான் மிஞ்சியது. பேசிப் பயனில்லை என்று ஒருநாள் இரவு வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் வேகனருடைய அறையில் உட்கார்ந்து அதைப் பாடிக் காட்டினார். வேகனர் அழுதுவிட்டார். நீ எழுதியதிலேயே இதுதான் சிறந்தது, போ, ஆனால் இதை நான்தான் தயாரிப்பேன் என்றார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பிறந்த கதை இது. 1974-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

எல்விஸ் அதைப் பாட ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னால் எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் போன் செய்தார். எல்விஸ் பாடுவதென்றால் பாட்டின் பதிப்புரிமையில் குறைந்தது பாதி எங்களுக்கு வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றார். டாலி மறுத்தார். அன்று இரவு முழுக்க அழுதேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பாதி என்ற சொல் வாரத்துக்கு உழுதவரின் மகள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு வேறு வழியில்லை. மகளுக்கு இருந்தது. தன் தாய்மாமா பில் ஓவன்ஸோடு சேர்ந்து பாட்டுகளின் உரிமையை வைத்துக்கொண்டு பணம் வசூலிக்கும் சொந்தப் பதிப்பு நிறுவனம் வைத்தவர் அவர். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், எழுதிய பாட்டை ஐம்பது நூறு டாலருக்கு விற்றுவிட்டுப் போனவர்களைப் பற்றிய கதைகள் ஏராளம். அந்த ஊரில் இருந்துகொண்டு அந்த முடிவை எடுத்தார்.

இதில் தொழில் நுணுக்கம் ஒன்று உண்டு, உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. வரியும் மெட்டும் ஒரு சொத்து, அதை ஒருவர் பாடிப் பதிவு செய்தது இன்னொரு சொத்து. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் பாடியவருக்கு ராயல்டி கிடையாது, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான். 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசைப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. அது வானொலியில் ஒலித்த ஒவ்வொரு தடவையும் டாலிக்குப் பணம் வந்தது. எழுத்தாளர் பங்கும் பதிப்பாளர் பங்கும் அவரிடமே இருந்தன.

அந்தப் பணத்தால் பாட்டு வற்றியதா? 1980-ல் ஒரு படப்பிடிப்பில் தன் நீளமான செயற்கை நகங்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார், டைப்ரைட்டர் சத்தம் வந்தது. அதிலிருந்து 'நைன் டு ஃபைவ்' பாட்டை எழுதினார். பதிவிலும் அந்த நகச் சத்தத்தைச் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவை நினைத்து 1995-ல் சொந்த ஊர்க் குழந்தைகளுக்கு வீடு தேடிப் புத்தகம் அனுப்பத் தொடங்கினார். இதுவரை இருபது கோடிக்கும் மேல் போயிருக்கின்றன. பணத்தை மதித்த அந்த மனம்தான் அந்தக் குழந்தைகளையும் நினைத்தது.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முன் ஓர் ஒலிநாடா நிறுவனத்துக்குப் பத்து அம்மன் பாட்டு எழுதிக் கொடுத்தேன். நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பல வருஷம் கழித்து எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பங்குனித் திருவிழாவில் அதில் ஒன்று ஒலிபெருக்கியில் கேட்டது. யாரோ புதிதாகப் பாடியிருந்தார்கள். 'கேணி' என்று நான் எழுதிய இடத்தில் 'கடல்' என்று வந்தது. எங்கள் ஊர் அம்மன் கேணிக்கரையில் இருப்பவள். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அந்தப் பாட்டையே எழுதினேன். திருத்துங்கள் என்று கேட்கக் கையில் ஒரு காகிதமும் இல்லை. பணம் வராததைவிட அந்தக் கேணி போனது இன்றைக்கும் வலிக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்குச் சேர வேண்டிய சரிபாதி ராயல்டியை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. சினிமாப் பாட்டுக்கு மட்டுமல்ல, தனிப் பாட்டுக்கும் இது உண்டு. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால்தான் 'எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும்' என்று வரி போட்டுக் கேட்பார்கள். அந்த வரியைத் தேடிப் பாருங்கள். நீங்கள் தரலாம் என்று நினைத்தால் அந்த ஒலிப்பதிவை மட்டும் மூன்று வருஷத்துக்குக் கொடுங்கள். பாட்டு உங்களுடையதாகவே இருக்கட்டும். அதற்கு ஒப்பாதவர்கள் போகட்டும். டாலி மாதிரி ஓர் இரவு அழ வேண்டி வரலாம், அது உண்மைதான்.

வேகனர் கதையில் இன்னும் ஒரு துண்டு பாக்கி. பிரிந்தபின் அவர் டாலி மேல் வழக்குப் போட்டார், நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். பின்னால் மனஸ்தாபம் தீர்ந்தது. 2007-ல் வேகனருக்கு விழா எடுத்தபோது அதே 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை டாலி அவர் முன்னால் நின்று பாடினார். அந்த அக்டோபரில் வேகனர் இறந்தார்.

இனி உங்கள் பாட்டு. மெட்டு நன்றாக இருக்கிறது, சரணத்தில் நீங்கள் கீழே இறங்கும் இடம் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கு சரணத்திலும் அம்மா தெய்வம், அம்மா நிலா, அம்மா கோயில் என்றே போகிறது. தலையணை உறை உங்கள் கடிதத்தில் இருக்கிறது, பாட்டில் இல்லையே. அதில் எத்தனை நிறத் துண்டுகள்? ஒட்டுப்போட்ட தையல் இரவில் கன்னத்தில் உறுத்துமா? கம்பெனியிலிருந்து அந்தத் துண்டுகளை அம்மா எதில் வைத்துக் கொண்டுவருவார், டிபன் பையிலா? அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தத்தின் நகலையும் கூடவே அனுப்புங்கள், கையெழுத்துப் போடாமல்.