மழை லீவு, ரெண்டு பிள்ளைகள், ஒரு கூடை சாக்ஸ்

"மழை நாளில் சின்னப் பிள்ளைகளைப் போன் கொடுக்காமல் வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குன்னூர்க்காரி. எங்களை ஆடி மழையை விட ஐப்பசி, கார்த்திகை மழைதான் உள்ளே போட்டுப் பூட்டும். காலையில் "கலெக்டர் லீவு விட்டாச்சு" என்று வாட்ஸாப்பில் வந்துவிட்டால், அன்றைக்கு மகனுக்கு வயது ஐந்து, மகளுக்கு இரண்டே முக்கால், எனக்கு நூறு.

முதல் வருஷம் ஆன்லைனில் கைவேலை செட்டாக வாங்கிக் குவித்தேன். காகிதத் தட்டில் சிங்கம், ஐஸ் குச்சியில் வீடு. நான் வெட்டி எடுத்து வைக்க முக்கால் மணி நேரம், அவர்கள் ஒட்டி முடிக்கப் பத்து நிமிஷம். "முடிஞ்சிருச்சும்மா, அடுத்து?" அப்புறம்தான் உறைத்தது. முடிந்துபோகிற வேலையைக் கொடுத்தால் முடிந்துதான் போகும். கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற வேலையாக இருந்தால் நமக்கு ஒரு சமையல் ஆகும்.

உதாரணத்துக்கு சாக்ஸ். குளிர் ஊரில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் எத்தனை சாக்ஸ் இருக்கும் என்று சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. மழையில் பாதி காய்ந்தும் காயாமலும் ஒரு கூடை நிறையக் கிடக்கும். ஜோடி சேர்ப்பது மகள் வேலை. சேர்த்து முடித்ததும் கூடையை அவளே கவிழ்த்துவிடுவாள். கவிழ்க்கட்டும், நான் வாயே திறப்பதில்லை.

எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடியது ரயில்தான். நாலு நாற்காலி, மேலே ரெண்டு கம்பளி. மற்ற ஊரில் இன்ஜின் ஆகிற பிள்ளை முன்னால் நிற்கும், இங்கே பின்னால் நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலை நீராவி இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளிக்கொண்டு வரும். தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிற பல்லில் இன்ஜினின் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும். அந்த ஏற்றத்தில் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போலத்தான். அதனால் வீட்டு ரயிலும் ஊர்ந்துதான் போக வேண்டும், ஓடினால் அபராதம். இந்த ஒரு சட்டத்தால் எத்தனை முட்டி தப்பித்திருக்கிறது தெரியுமா! ஊட்டி வரைக்கும் 16 குகை என்று அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கம்பளிக்குள் பதினாறு தடவை நுழைந்து வருவார்கள். மகன் பதினாறு வரை எண்ணக் கற்றது அப்படித்தான். நடுவில் தலையணைகளைத் தூக்கிப் போட்டு "மண் சரிஞ்சிருச்சு, ரயில் ரத்து!" என்பான். மழைக்காலத்தில் நிஜத்திலும் அதுதானே நடக்கிறது. பிறகு தலையணையை எல்லாம் அள்ளிப் பாதையைச் சரிசெய்ய இன்னொரு அரை மணி நேரம்.

அத்தை பொள்ளாச்சியிலிருந்து வந்தால் பல்லாங்குழி. பலகை இல்லை. முட்டை அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழிதான் வருகிறது என்பதால், ரெண்டு வரிசையை வெட்டி, ஓரத்தில் ரெண்டு குழி தனியாக ஒட்டி 14 ஆக்கினோம். சோழிக்குப் பதிலாக, வெயில் நாளில் பொறுக்கி வைத்த கற்பூர மரக் காய் (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்). குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது. கையெல்லாம் தைல வாசம். மகனுக்கு ஆட்டம் புரிய நாலு நாள் ஆனது. தோற்றால் அட்டையையே கவிழ்ப்பான். "விடு கண்ணு, உன் புருஷனும் இப்படித்தான்" என்றார் அத்தை. சின்னவளுக்கு ஆட்டம் வேண்டாம். ஒவ்வொரு குழியாக நிரப்பிக் கொட்டினால் போதும், அதுவும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் காய்ந்த பட்டாணியைக் கிண்ணம் மாற்றிப் போடக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் ஒன்று அவள் மூக்குக்குள். நான் விரலால் நோண்டப் போக, அது இன்னும் உள்ளே போய்விட்டது. காய்ந்த பயறு ஈரத்தில் ஊறிப் பெருக்கும், நேரம் போகப் போக எடுப்பது கஷ்டம். டாக்டர் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டு என்னைத் திட்டினார். நியாயமான திட்டு. நீங்களும் நோண்டாதீர்கள், நேராகக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று வயதுக்குள் இருந்தால் பட்டாணியே வேண்டாம், உருளைக்கிழங்கு கொடுங்கள். ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு உருட்டிப் போடவும் அதுதான் நல்ல சத்தம்.

இன்னொன்று, குளிருக்காகக் கரிச்சட்டியை வைத்து ஜன்னலையும் சாத்திவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விடவே விடாதீர்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கூட இருக்காது, ஆளைக் கொன்றுவிடும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போடுங்கள்.

போன் இல்லாமல் முழு நாளும் ஓட்டுகிறேனா என்றால், இல்லை. சாயங்காலம் சப்பாத்தி போடுகிற அரை மணி நேரம் டி.வி. உண்டு. இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்பதாவது குகையில் யாரோ யாரையோ கடித்துவிட்டார்கள். போய்ப் பார்க்கிறேன்.