தெரிந்தவர் வாயைத் திறக்க வைப்பது எப்படி? குழுக் கற்றல் பற்றிய கேள்வி பதில்

குழுவுக்குள் ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குக் கொண்டுசேர்க்கும் முறைகள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், எங்கள் குழுவில் ஒன்பது பேர். வாரம் ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசுவது என்று ஆரம்பித்தோம். மூன்றே மாதத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முறையை மாற்றவா, நிறுத்தவா?

நிறுத்துங்கள். பேசுகிறவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். கேட்கிறவருக்கு அன்றைக்கு அது தேவையே இல்லை. கோளாறு அங்கேதான். தலைகீழாக்கிப் பாருங்கள்: சிக்கலில் இருப்பவர் கூட்டத்தைக் கூட்டட்டும்.

1990களில் பிபி எண்ணெய் நிறுவனத்தில் 'பியர் அசிஸ்ட்' என்ற பெயரில் இதைச் செய்தார்கள். ஒரு வேலையில் இறங்குவதற்கு முன்பே, அதுபோன்ற வேலையைச் செய்தவர்களை அழைத்துக் கேட்பது. நான் நடத்தும் விதம் இப்படி: முதல் பத்து நிமிடம் நீங்கள் சிக்கலைச் சொல்கிறீர்கள். அடுத்து, உதவிக்கு வந்தவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, விடாதீர்கள். அப்புறம் அவர்கள் தங்களுக்குள் பேசட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் குறிப்பு எடுங்கள். கடைசியில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். யாருக்கும் சிக்கல் இல்லாத வாரத்தில் கூட்டமும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் மூத்தவர் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னோம். நாற்பது பக்கம் தந்தார். படித்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் மேல் தப்பில்லை. சொல்லத் தெரிந்ததைவிட அதிகம் நமக்குத் தெரியும் என்று 1966இல் மைக்கேல் போலன்யி என்ற தத்துவ அறிஞர் எழுதினார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் எப்படி விழாமல் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

ஜெராக்ஸ் நிறுவனத்தில் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களுடன் கூடவே திரிந்து கவனித்தவர் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர். கையேடு கைவிட்ட இடத்தில் அவர்களுக்கு உதவியது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகள்: 'அன்றைக்கு அந்த மெஷின் இப்படி மக்கர் பண்ணியது, நான் முதலில் இதுதான் என்று நினைத்தேன், கடைசியில் பார்த்தால்...'

ஆகவே இந்த இரண்டு மாதத்தில் வேலையை இளையவர் செய்யட்டும், பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ, அங்கேதான் எழுதாமல் விட்டது இருக்கிறது. 'ஏன் நிறுத்தச் சொன்னீர்கள், எதைப் பார்த்தீர்கள்?' என்று உடனே கேட்க வேண்டும். மாலையில் இளையவர் தன் வார்த்தையில் எழுத, பெரியவர் திருத்தட்டும். 'உங்களை ஏமாற்றிய பழுது எது?' என்று கேளுங்கள். எந்த மூத்தவரும் உற்சாகமாகிவிடுவார்.

கேள்வி: வேலை முடிந்ததும் நடக்கும் ஆய்வுக் கூட்டம் ஒவ்வொரு முறையும் 'யார் தப்பு' என்பதில்தான் போய் முடிகிறது.

அமெரிக்க ராணுவம் பயிற்சிகளுக்குப் பிறகு நடத்தும் ஆய்வில் நான்கு கேள்விகள்தான். என்ன நடக்க வேண்டியிருந்தது? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்த முறை என்ன செய்வோம்? பதவி பார்க்காமல் எல்லோரும் பேச வேண்டும்.

பெரும்பாலானவர்கள் நேராக மூன்றாவதற்குத் தாவுகிறார்கள். சண்டை அங்கேதான் ஆரம்பம். முதல் கேள்விக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேர் ஐந்து திட்டத்தை மனதில் வைத்து உழைத்திருப்பது தெரியவரும். பாதிக் கோபம் அதிலேயே வடிந்துவிடும். வேலை முடிந்த சூட்டோடு நடத்துங்கள். தலைவர் தன் தவறை முதலில் சொன்னால் மற்றவர்களுக்கும் வாய் வரும்.

இன்னொன்று: ஏமி எட்மண்ட்சன் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் மறைக்கவில்லை என்பதுதான் அவர் கண்ட விளக்கம். உங்கள் கூட்டத்தில் பிழையே வெளிவராவிட்டால் சந்தோஷப்படாதீர்கள்.

கேள்வி: கூட்டத்தில் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.

முதலில் எழுத்து, அப்புறம் பேச்சு. 1968இல் பெர்ன்ட் ரோர்பாக் சொன்ன 6-3-5 முறை இதற்குச் சரியாக வரும்: 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம், பிறகு தாளைப் பக்கத்தவரிடம் தள்ள வேண்டும். இப்படி ஆறு சுற்று போனால், அரை மணி நேரத்தில் 108 யோசனை. அதில் பாதி ஒன்றையொன்று ஒத்திருக்கும், பரவாயில்லை.

வேறொரு பொறியும் உண்டு. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே குழுக்கள் அதிகம் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேலே வருவதில்லை என்று ஸ்டேசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985இல் காட்டினார்கள். 'உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மேலாளர் கடைசியில் பேசட்டும்.

கேள்வி: எங்கள் குழுவே இரண்டு பேர்தான். எந்த முறை?

முறையா? பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

கேள்வி: புதிய மென்பொருளை எட்டுப் பேர் சீக்கிரம் கற்க வேண்டும். ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொள்ளலாமா?

தாராளமாக. 1971இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பள்ளி வகுப்புகளுக்காக உருவாக்கிய ஜிக்சா முறை ஏறக்குறைய இதுதான்: ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு, மற்றவர் சொல்லாமல் படம் முழுமையாகாது. ஒரு பகுதிக்கு இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவரை மட்டும் போட்டால், அவர் விடுப்பு எடுக்கும்போது அந்தத் துண்டே காணாமல் போகும். அந்த இருவரும் முதலில் தங்களுக்குள் பேசித் தெளிந்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். முடிந்ததும், தான் படிக்காத பகுதியில் ஒரு சின்ன வேலையை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். யாருக்கும் கை ஓடவில்லை என்றால், அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுத்த ஜோடி மறுபடி உட்கார வேண்டும்.