கோடெக்ஸ் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? பான ஏற்றுமதிக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: சிறிய ஆலை ஒன்றில் ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகளும், ஆரஞ்சுச் சாறு கலந்த ஒரு கார்பனேட்டட் பானமும் தயாரிக்கிறோம். ஐஎஸ்ஓ 22000 என்ற உணவுப் பாதுகாப்பு மேலாண்மைச் சான்றிதழ் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஒருவரும் அமெரிக்காவிலிருந்து ஒருவரும் இறக்குமதி செய்ய ஆர்வம் காட்டுகிறார்கள். சரக்கு கோடெக்ஸ் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது? வாங்கிவிட்டால் ஒரே பாட்டிலை இரண்டு இடங்களுக்கும் அனுப்பலாமா?

பதில்: கோடெக்ஸ் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. 1963 முதல் செயல்படுகிறது. தரநிலைகளை எழுதுவது மட்டுமே அதன் வேலை. அது எந்த ஆலைக்கும் தணிக்கைக்கு வராது, யாருக்கும் சான்று தராது.

அப்படியானால் எல்லோரும் ஏன் அதையே கேட்கிறார்கள்? 1995இல் உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த, உணவுப் பாதுகாப்பு மற்றும் தாவர, விலங்கு நலம் பற்றிய எஸ்பிஎஸ் ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்பில் கோடெக்ஸைத்தான் அளவுகோலாகக் குறிப்பிடுகிறது. ஒரு நாடு அதைவிடக் கடுமையான விதி வைக்கலாம். ஆனால் அறிவியல் காரணம் காட்ட வேண்டும். ஆக, கோடெக்ஸ் பொதுவான அடித்தளம். துறைமுகத்தில் உங்கள் கன்டெய்னரை நிறுத்துவதோ விடுவதோ அந்தந்த நாட்டின் சட்டம். இந்த வித்தியாசம் தெரியாமல் சான்றிதழ்களுக்குச் செலவழித்துவிட்டு, கடைசியில் செய்முறையையே மாற்ற வேண்டி வருவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அதனால் உங்கள் வேலையைப் பானத்துக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பெயர். பழச்சாறு, தண்ணீர் சேர்த்த சாறான நெக்டர் இரண்டுக்கும் கோடெக்ஸின் 247 என்ற எண்ணுள்ள 2005ஆம் ஆண்டுத் தரநிலை பொருந்தும். அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கும் ஆரஞ்சுச் சாறு குறைந்தது 11.2 பிரிக்ஸ் (கரைந்துள்ள சர்க்கரையைக் காட்டும் அளவு) இருக்க வேண்டும், ஆப்பிள் 11.5. நெக்டர் என்று எழுதினால் இந்த இரண்டு பழங்களிலும் சாறு 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதற்கும் கீழே போனால் அது சுவையூட்டிய பானம். பெயர் மாறினால் லேபிள் மட்டுமல்ல, எந்தச் சேர்க்கைப் பொருளை எவ்வளவு போடலாம் என்ற அட்டவணையே மாறிவிடும். சர்க்கரையையும் கவனியுங்கள். கோடெக்ஸ் தரநிலை சில நிபந்தனைகளோடு சாற்றில் சர்க்கரை சேர்க்க இடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் கொண்டுவந்த திருத்தத்தில் அதை நீக்கிவிட்டது. பழம் புளிப்பாக வந்த பருவத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சரிசெய்யும் பழக்கம் உங்களிடம் இருந்தால், அந்தப் பாட்டில் ஐரோப்பாவில் சாறு என்ற பெயரில் போக முடியாது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் கார்பனேட்டட் பானத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் போடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இந்த வகைப் பானத்துக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 250 மில்லிகிராம். ஐரோப்பாவில் லிட்டருக்கு 150. அமெரிக்காவில் 0.1 சதவீதம் வரை, அதாவது கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். மூன்றும் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த எண்கள்தான், இருந்தும் இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன. லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள உங்கள் பாட்டில் கோடெக்ஸுக்குப் பொருந்தும், அமெரிக்காவில் பிரச்சினை இல்லை, ஐரோப்பாவில் நிராகரிக்கப்படும்.

வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. பென்சோயேட்டும் வைட்டமின் சியும் ஒரே பாட்டிலில் இருந்தால் சிறிதளவு பென்சீன் உருவாகலாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வெப்பமும் வெளிச்சமும் இந்த வினையை வேகப்படுத்தும். வாரக்கணக்கில் கடலில் சூடேறிக்கொண்டே போகும் கன்டெய்னரை நினைத்துப் பாருங்கள். நீங்கள் தனியாக வைட்டமின் சி சேர்க்காவிட்டாலும் ஆரஞ்சுச் சாற்றிலேயே அது இருக்கிறது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அமெரிக்க வரம்பு 5. பானங்களையும் இந்த எண்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இந்த வினையைத் தூண்டும் உலோக அயனிகளைக் கட்டிவைக்க அமெரிக்காவில் எடிடிஏ சேர்ப்பார்கள், அது இந்த வினையைத் தணிக்கும். ஆனால் ஐரோப்பாவில் குளிர்பானங்களில் அதற்கு அனுமதி இல்லை. என் யோசனை இதுதான்: இந்தப் பானத்திலிருந்து பென்சோயேட்டை எடுத்துவிட்டு, பாட்டிலை மூடிய பிறகு டனல் பாஸ்டரைசரில் சூடாக்கும் முறைக்கு மாறுங்கள். இயந்திரச் செலவு உண்டு. ஆனால் இரண்டு சந்தைகளுக்கும் ஒரே செய்முறை என்ற உங்கள் ஆசைக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நிறம். சன்செட் யெல்லோ போடுவதாக இருந்தால், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய லேபிளில் அச்சிட வேண்டும். 2010 ஜூலையிலிருந்து இது கட்டாயம். அமெரிக்காவுக்கு அதே நிறத்தை அனுப்ப, அந்த நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ தொகுதி தொகுதியாகச் சான்றளித்த நிறமாக இருக்க வேண்டும். கார்மோய்சின் என்ற சிவப்பு நிறம் என்றால் அமெரிக்காவில் அனுமதியே இல்லை. பீட்டா கரோட்டின் என்ற நிறத்துக்கு மாறினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

நீங்கள் போடாத பொருள்களும் உள்ளே இருக்கலாம். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளியிலிருந்து வாங்கும் அடர்சாற்றில் சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள் இருக்கலாம். முடிந்த பானத்தில் அது கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தொட்டால் கோடெக்ஸ்படியும் லேபிளில் சொல்லியாக வேண்டும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆரஞ்சுப் பானத்துக்குக் கலங்கல் தோற்றம் தரும் எமல்ஷனில் (எண்ணெயும் நீரும் கலந்த கலவை) புரோமினேற்றிய தாவர எண்ணெய் இருக்கிறதா என்று சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பாவில் அதற்கு அனுமதி இல்லை, அமெரிக்காவும் 2024இல் அனுமதியை ரத்து செய்துவிட்டது. வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடையும் 2022இல் ஐரோப்பா உணவிலிருந்து விலக்கிவிட்டது.

ஆப்பிள் சாற்றில் உங்கள் கண் பாட்டுலின் மேல் இருக்க வேண்டும். அழுகிய ஆப்பிளில் பூஞ்சை உண்டாக்கும் நச்சு அது. வரம்பு கோடெக்ஸ், ஐரோப்பா, அமெரிக்கா மூன்றிலும் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். பாஸ்டரைஸ் செய்வதால் அது போய்விடாது. பழத்தைக் கொட்டும் இடத்திலேயே அழுகலைப் பொறுக்கி எறிவதுதான் கட்டுப்பாடு. அந்த மேசையில் நிற்கும் பணியாளருக்குத் தரும் பயிற்சி உங்கள் ஆய்வகக் கருவிக்கு நிகரானது.

அமெரிக்காவுக்குச் சாறு அனுப்ப ஹாசப் திட்டம், அதாவது ஆபத்து எங்கே வரும் என்று முன்பே கண்டுபிடித்து அங்கேயே தடுக்கும் முறை, சட்டப்படி கட்டாயம். பாஸ்டரைஸ் செய்யாத ஆப்பிள் சாற்றால் 1996இல் ஈ.கோலை தொற்று பரவிக் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, ஒரு குழந்தை இறந்தது. அதன் பின் 2001இல் வந்த விதி இது. நோய்க்கிருமி 1,00,000 மடங்கு குறைய வேண்டும் என்கிறது. அறை வெப்பநிலையில் கெடாத சாறாக இருந்தால் உங்கள் வெப்பச் செயல்முறையின் முழு விவரத்தை அபாய ஆய்வோடு இணைத்து வைக்க வேண்டும். உங்கள் ஐஎஸ்ஓ 22000இல் ஹாசப் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இந்த ஆவணத்தைத் தனியாகக் கேட்பார்கள்.

இப்போது சான்றிதழ். பெரிய கடைத் தொடர்களுக்கு விற்கும் இறக்குமதியாளர்கள், உணவுப் பாதுகாப்புத் திட்டங்களை மதிப்பிடும் உலகத் தொழில்துறை அமைப்பான ஜிஎஃப்எஸ்ஐ அங்கீகரித்த திட்டம் ஒன்றைக் கேட்பார்கள்: எஃப்எஸ்எஸ்சி 22000, பிஆர்சிஜிஎஸ், எஸ்கியூஎஃப் போன்றவை. ஐஎஸ்ஓ 22000 மட்டும் அந்தப் பட்டியலில் வராது. எஃப்எஸ்எஸ்சி 22000 உங்களிடம் உள்ளதன் மேலேயே கட்டப்பட்டது என்பதால் உங்களுக்கு அதுதான் குறுகிய வழி. எது வேண்டும் என்று இறக்குமதியாளரிடம் கேட்டுவிட்டே விண்ணப்பியுங்கள்.

ஒரே பாட்டில் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு பொருளிலும் இரண்டில் கடுமையான வரம்பை எடுத்துக்கொண்டால் செய்முறை ஒன்றாகவே இருக்கலாம். லேபிள் ஒன்றாக இருக்க முடியாது. ஐரோப்பா ஊட்டச்சத்தை 100 மில்லிலிட்டருக்குக் கேட்கிறது, அமெரிக்கா ஒரு பரிமாறும் அளவுக்குத் தன் கட்டத்தில் கேட்கிறது. மூடியும் மாறும்: 2024 ஜூலை 3 முதல் ஐரோப்பாவில் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பாட்டில்களில் மூடி, திறந்த பிறகும் பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், எமல்ஷனுக்குள் இருப்பது உட்பட, முழுச் செய்முறையையும் ஒரு தாளில் எழுதி இரண்டு இறக்குமதியாளர்களுக்கும் அனுப்பி, எந்த வரி தங்கள் நாட்டில் ஒத்துவராது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் மாற்றிய செய்முறையில் ஒரு சிறு தொகுதி தயாரித்து, சோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதியுங்கள். பென்சோயேட் இல்லாத பாட்டில்களைக் கன்டெய்னரில் வரக்கூடிய வெப்பத்திலும் வைத்துப் பாருங்கள். சாறு கலந்த பானத்தில் ஈஸ்ட் தப்பிப் பிழைத்தால் பாட்டில் உப்பும், சில நேரம் வெடிக்கும். அது உங்கள் கிடங்கில் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.