இடைவெளிக்குள் ஏன் கோடுகள்?

கேள்வி: சிலிக்கானுக்குக் காம்ப்ளெக்ஸ் பேண்ட் வரைபடம் (எலக்ட்ரானின் ஆற்றலை அதன் அலை எண்ணோடு காட்டுவது) போட்டேன். ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான்களுக்கு இடமில்லாத ஆற்றல் பகுதி, காலியாக இருக்க வேண்டாமா? இடப்பக்கம் வளைகோடுகள் தெரிகின்றன. என் கணக்கு தவறா?
– மாணவர், குளுகோர், பினாங்கு

பதில்: தவறே இல்லை, தம்பி. வலப்பக்கம் இருப்பவை வழக்கமான பட்டைகள், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல்கள். இடப்பக்கம் அலை எண்ணின் கற்பனைப் பகுதி, அதாவது அலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பது. முடிவில்லாப் படிகத்தில் இந்த நிலைகளுக்கு இடமில்லை. மெல்லிய படலத்தில் உண்டு. பாயான் லெப்பாஸில் இருபது வருடம் சில்லுகளின் மின்கசிவோடு மல்லுக்கட்டியவன் நான். இந்த வளைவுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்தக் கற்பனைப் பகுதி ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) 0.1 என்று வையுங்கள். 20 ஆங்ஸ்ட்ராம் தாண்டுவதற்குள் எலக்ட்ரானின் நிகழ்தகவு சுமார் 2 சதவீதமாகிவிடும். பல வளைவுகள் இருந்தால் பூஜ்யத்துக்கு மிக அருகில் உள்ளதைப் பாருங்கள், கசிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். அச்சின் அலகையும் சரிபாருங்கள்.

அப்புறம் ஒன்று. சிலிக்கானின் இடைவெளி அறை வெப்பத்தில் 1.12 எலக்ட்ரான் வோல்ட். பிபிஇ (PBE) என்ற வழக்கமான கணக்கீட்டு முறை சுமார் 0.6 தான் காட்டும். இடைவெளி சுருங்கினால் தேய்வும் குறையும், கசிவு கூடுதலாகத் தெரியும். இடைவெளியை இன்னும் சரியாகக் காட்டும் ஹைப்ரிட் முறையில் ஒருமுறை ஓட்டி ஒப்பிடுங்கள்.