அம்மாவுக்கான பராமரிப்புக் கொடுப்பனவு: தங்கைக்கு ஒரு பதில்

அன்புத் தங்கைக்கு, 71 வயதான உங்கள் அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்றும், நீங்கள் சம்பளம் வாங்குவதால் அவருக்கு இங்கிலாந்தில் உதவிப்பணம் கிடைக்காது என்று சிலர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு வழங்கப்படும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் உங்கள் சம்பளத்தையோ அம்மாவின் சேமிப்பையோ பார்ப்பதில்லை. 2025-26இல் அது வாரத்துக்கு 73.90 பவுண்டு, பகலிலும் இரவிலும் துணை தேவைப்படுவோருக்கு 110.40 பவுண்டு.

6 மாதங்களாவது அந்தத் தேவை இருந்திருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும் என்றாலும், அகதித் தகுதி பெற்றவர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. விசாவில் பொது நிதி, அதாவது அரச உதவிப்பணம், பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

பலர் சறுக்குவது படிவத்தில்தான். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான என் அப்பா, காலையில் கட்டில் விளிம்பில் அமர்ந்து சட்டைத் தெறிகளோடு இருபது நிமிடம் போராடுவார். மேல் இரண்டையும் நான்தான் பூட்டிவிடுவேன். ஆனால், உடுத்த முடியுமா என்ற கேள்விக்கு "முடியும்" என்றே எழுதச் சொன்னார். நானும் எழுதினேன், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிழை எங்களுடையதே. கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டு, இரவில் மலசலகூடம் செல்ல எத்தனை முறை எழுப்பினார், படியில் எப்போது தடுமாறினார் என்று ஒரு வாரம் குறித்து வைத்ததையும் இணைத்து அனுப்பிய பிறகுதான் குறைந்த வீதமாவது கிடைத்தது.

ஆகவே அம்மா "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள். குளிக்க, உடுக்க, உண்ண, மருந்தெடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே கை நடுங்குகிறது என்பதையே எழுதுங்கள். சமையலும் வீடு கூட்டுவதும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. இப்போது யாராவது உதவுகிறார்களா என்பதைவிட, உதவி தேவையா என்பதே முக்கியம். தனியே வாழ்பவர்களும் பெறலாம்.

படிவத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். 6 வாரங்களுக்குள் திருப்பி அனுப்பினால், நீங்கள் அழைத்த நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படும். அனுப்புமுன் எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபரிசீலனை கேட்க நேர்ந்தால், முன்பு என்ன எழுதினோம் என்பது நினைவில் இருக்காது.